டெட் ரெக்கனிங்: கரை தெரியாத நேரத்துக் கணக்கு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருமான வரி பற்றிய என் நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை நிறுத்திய சிறிது நேரத்தில், ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வரியைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, நீங்கள் கணக்கு வழக்கெல்லாம் விளங்கச் சொல்லுறனீங்கள். இதையும் ஒருக்கா சொல்லுங்கோ. என்ரை மகன் பாய்ப்படகு ஓட்டப் பழகப் போறான். அதிலை டெட் ரெக்கனிங் எண்டு ஒரு பாடமாம். டெட் எண்டால் செத்தது தானே? கடலிலை செத்த கணக்கு எண்டால் என்ன கணக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் தொலைபேசியை வைக்கும் முன் குரல் மாறிவிட்டது. "நாங்கள் தொண்ணூறாம் ஆண்டு கடலாலை தப்பி வந்த ஆக்கள். இவன் ஏன் திரும்பவும் கடலுக்குப் போறான் எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார்.

முதல் கேள்விக்கு அன்று இரண்டு வரியில் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நானும் அதே ஆண்டு கடலால் வந்தவன்தான். இந்த ஒரு மாதமாக அந்தச் சொல்லைப் பற்றித் தேடி வாசித்ததில் இரண்டு கேள்விகளுக்குமே ஏதோ பதில் கிடைத்ததுபோல் இருக்கிறது. அதையே இம்மாத உரையாகத் தருகிறேன்.

சொல்லின் பொருள்

ரெக்கனிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கணக்கிடுதல், கணக்கு என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் சாப்பாட்டுக் கடையில் தரும் பில்லுக்கும் இதே சொல்தான். ஆகவே சொல்லின் பிற்பகுதி எங்கள் கணக்காளர் கூட்டத்துக்குச் சொந்தமானது.

முற்பகுதியில்தான் சிக்கல். டெட் என்பது மரணத்தைக் குறிப்பதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணித்துப் பெறப்பட்டது என்ற பொருளில் வரும் டிடியூஸ்ட் என்ற சொல்லைச் சுருக்கி எழுதியதால்தான் டெட் ஆயிற்று என்று பல புத்தகங்களில் காணலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பழைய சான்று கிடையாது. டெட் ரெக்கனிங் என்ற சொல் 1613 ஆம் ஆண்டிலேயே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. அந்தச் சுருக்கக் கதையோ இருபதாம் நூற்றாண்டில் கிளம்பியது. பெரிய அகராதிகள் அதை ஏற்பதில்லை.

சொல் எப்படி வந்திருந்தாலும் அதன் பொருள் தெளிவானது. கரையோ, விளக்கோ, சூரியனோ, நட்சத்திரமோ பார்த்து இடத்தை உறுதி செய்ய முடியாத நேரத்தில், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து எந்தத் திசையில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்று கணக்குப் போட்டு, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கண்டுகொள்வதுதான் டெட் ரெக்கனிங். தமிழில் இதை ஓட்டக் கணக்கு என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். கப்பலோட்டத்தின் கணக்கு என்ற பொருளில் இந்த உரையில் அப்படியே எழுதுகிறேன்.

கணக்கு எப்படிப் போடுவது?

இதற்குத் தேவையானவை நான்கே நான்கு: தொடங்கிய இடம், திசை, வேகம், நேரம்.

திசைக்குத் திசைகாட்டி இருக்கிறது. நேரத்துக்குப் பழைய காலத்தில் மணற்கடிகாரம், பிறகு மணிக்கூடு. வேகத்தை எப்படி அளந்தார்கள் என்பதுதான் சுவையான கதை. ஒரு சிறிய மரப்பலகையை நீண்ட கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் கடலில் போடுவார்கள். பலகை தண்ணீரில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு ஓடும். அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கும். 28 விநாடி மணற்கடிகாரத்தைத் திருப்பிவைத்து, மணல் முடிவதற்குள் கையினூடாக எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு ஓடினால் கப்பல் மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் போகிறது என்று பொருள். 47 அடி 3 அங்குலத்தை 28 விநாடியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 6,075 அடி வரும். ஒரு கடல் மைலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்றைய அளவில் அது 1,852 மீற்றர்.

முடிச்சுக்கு ஆங்கிலத்தில் நாட். கப்பலின் வேகத்தை இன்றும் நாட் என்று சொல்வது இதனால்தான். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல் என்பதால், "மணிக்கு ஐந்து நாட்" என்று சொல்வது பிழை. "ஐந்து நாட்" என்றால் போதும்.

அந்த மரப்பலகைக்கு லொக் என்று பெயர். லொக் காட்டிய வேகத்தை நேரத்துக்கு நேரம் எழுதி வைத்த புத்தகம் லொக் புக். பிள்ளைகள் தினமும் கணினியில் லொக் இன் செய்கிறார்களே, அந்தச் சொல்லின் வேர் இந்த மரத்துண்டில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. காலை ஆறு மணிக்கு ஒரு வெளிச்சவீட்டின் பக்கத்திலிருந்து புறப்படுகிறோம். நேர் கிழக்கே ஆறு நாட் வேகத்தில் நான்கு மணித்தியாலம் ஓடுகிறோம். பத்து மணிக்கு எங்கே இருப்போம்? வெளிச்சவீட்டுக்கு 24 கடல் மைல் கிழக்கே. கடல் வரைபடத்தில் கோடு கீறி, முனையில் குறி வைத்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடலாம்.

அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அவ்வளவுதான், ஆனால் அந்த நான்கு மணித்தியாலமும் ஒரு நாட் வேகத்தில் தெற்கு நோக்கி நீரோட்டம் இருந்திருந்தால்? நாங்கள் நான்கு மைல் தெற்கே போயிருப்போம். கப்பலில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஏனென்றால் லொக் பலகை தண்ணீரை வைத்துத்தான் அளக்கிறது, அந்தத் தண்ணீரே எங்களையும் பலகையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது. காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதும் இப்படியே. திசைகாட்டியில் ஐந்து பாகை பிழை இருந்தால் அதே 24 மைலில் இன்னும் இரண்டு மைல் விலகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பிழை ஒருநாளும் தானாகக் குறையாது. ஒரு மணித்தியாலத்தில் ஒரு மைல் என்றால் நான்கு மணித்தியாலத்தில் நான்கு மைல். கடைசியாக உறுதி செய்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோமோ அவ்வளவுக்குச் சந்தேகமும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் மாலுமிகள் கரையையோ நட்சத்திரத்தையோ பார்த்து உறுதி செய்த இடத்தை ஒரு விதமாகவும், கணக்கில் மட்டும் வந்த இடத்தை வேறு விதமாகவும் வரைபடத்தில் குறிப்பார்கள். உறுதி செய்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ஃபிக்ஸ் என்று பெயர். ஒரு ஃபிக்ஸ் கிடைத்தவுடன் பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் புது இடத்திலிருந்து கணக்கை மறுபடி தொடங்க வேண்டும். இது சட்டம்.

வணிகம் படித்தவர்களுக்கு இது பழகிய விடயம். எங்கள் காசேட்டில் நாங்கள் எழுதிவரும் மீதி ஓட்டக் கணக்கு. மாதமுடிவில் வங்கி அனுப்பும் கூற்றுத்தான் ஃபிக்ஸ். இரண்டும் ஒத்து வராவிட்டால் வங்கி இணக்கக் கூற்று தயாரித்து, வித்தியாசம் எங்கே என்று தேடுவோம். "என் கணக்குத்தான் சரி, வங்கிக் கூற்றைத் திறந்தே பார்க்க மாட்டேன்" என்று இருக்கும் கடைக்காரரை நான் கண்டிருக்கிறேன். அவருடைய கடை எப்படி முடிந்தது என்று சொல்லத் தேவையில்லை.

வெள்ளையாகத் தெரிந்தது நுரை

நாங்கள் வாழும் இந்த அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையே இந்தச் சொல்லுக்குப் பெரிய பாடப்புத்தகம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்துக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும், தெற்கே வீசும் பலத்த மேல்காற்றைப் பிடித்து நேர் கிழக்கே ஆயிரக்கணக்கான மைல் ஓடி, பிறகு வடக்கே திரும்பி யாவாவுக்குப் போகும். கேள்வி, எப்போது திரும்புவது? வடக்குத் தெற்கு நிலையைச் சூரியனைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். கிழக்கு மேற்கு நிலையைக் காண அக்காலத்தில் கடலில் வழியில்லை. அதற்குத் துல்லியமான மணிக்கூடு வேண்டும். இங்கிலாந்தின் ஜோன் ஹரிசன் அத்தகைய மணிக்கூட்டைச் செய்தது அடுத்த நூற்றாண்டில்தான். அதுவரை கிழக்கே எவ்வளவு தூரம் வந்தோம் என்பது முழுக்க முழுக்க ஓட்டக் கணக்கு. கணக்கில் குறைவாக எழுதியிருந்தால், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி அவுஸ்திரேலியாவில் மோத வேண்டியதுதான்.

பத்தாவியா என்ற கப்பலுக்கு அதுதான் நடந்தது. 1629 ஜூன் 4 ஆம் திகதி விடிவதற்கு முன், முன்னே கடல் வெள்ளையாகத் தெரிந்ததைக் காவலில் இருந்தவர் கண்டார். கப்பலை நடத்தியவர் அது நிலா வெளிச்சம் என்று சொல்லிவிட்டார். கணக்கின்படி அங்கே கரை இருக்க வழியில்லை அல்லவா! அது பவளப் பாறையில் உடைந்த அலையின் நுரை. முந்நூறுக்கு மேற்பட்டோருடன் கப்பல் பாறையில் ஏறியது. அதன் பிறகு அந்தத் தீவுகளில் நடந்த கொலைகள் ஒரு தனிக் கதை. கப்பலின் சிதைவு 1963 இல் அடையாளம் காணப்பட்டது. கடலடியிலிருந்து எடுத்த அதன் அடிப்பாக மரங்களைப் பேர்த் பக்கம் போகிறவர்கள் பிறீமன்டில் அரும்பொருட்காட்சியகத்தில் பார்க்கலாம். 1656 இலும் 1712 இலும் 1727 இலும் இன்னும் மூன்று ஒல்லாந்துக் கப்பல்கள் அதே கரையில் உடைந்தன.

வானொலி சொன்னதை நம்பாதவர்கள்

அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, பாவம். வழி இருந்தும் பார்க்காமல் விட்டவர்களின் கதை அடுத்தது. வானொலிக்காரனாகிய எனக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு.

1923 செப்டெம்பர் 8 ஆம் திகதி, அமெரிக்கக் கடற்படையின் 14 நாசகாரிக் கப்பல்கள் சன் பிரான்சிஸ்கோவிலிருந்து சன் டியாகோவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வேகம் 20 நாட், அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு மைல். கரை மூட்டத்தில் மறைந்திருந்தது. முன்னே சென்ற டெல்ஃபி என்ற கப்பலில் ஓட்டக் கணக்குப் போட்டு, ஒரு முனையைத் தாண்டிவிட்டோம், இனிக் கிழக்கே திரும்பிக் கால்வாய்க்குள் நுழையலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த முனையில் கரையில் ஒரு வானொலித் திசைகாண் நிலையம் இருந்தது. அக்காலத்துக்கு அது புதுத் தொழில்நுட்பம். நீங்கள் இன்னும் வடக்கேதான் நிற்கிறீர்கள் என்று காட்டும் அளவை அந்த நிலையம் அனுப்பியது. கப்பலில் இருந்தவர்கள் அதை நம்பவில்லை. தங்கள் கணக்கை நம்பினார்கள். கடலின் ஆழத்தை அளந்து பார்த்திருந்தாலும் உண்மை தெரிந்திருக்கும். அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே திரும்பினார்கள். ஐந்து நிமிடத்தில் டெல்ஃபி கலிபோர்னியாவின் ஹொண்டா முனைப் பாறைகளில் மோதியது. பின்னால் வந்தவை முன்னால் போனதைப் பின்பற்றியே வந்தன. ஏழு கப்பல்கள் அழிந்தன. இரண்டு தரை தட்டி மீண்டன. ஐந்து தப்பின. 23 மாலுமிகள் உயிரிழந்தார்கள். அணிக்குத் தலைமை தாங்கிய கப்டன் வொட்சன் பொறுப்புத் தன்னுடையதே என்று ஏற்றுக்கொண்டார்.

அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். தங்கள் கணக்கு எவ்வளவு பழசாகிவிட்டது என்பதைத்தான் மறந்தார்கள்.

சந்தேகத்தையும் கணக்கில் சேர்த்தவர்

இதே ஓட்டக் கணக்கு உயிர் காத்த கதையும் உண்டு. தென்துருவப் பக்கம் கப்பலை இழந்த ஷாக்கில்டனும் ஐந்து பேரும், 1916 இல் 22 பேரை எலிபன்ட் தீவில் விட்டுவிட்டு, ஏறக்குறைய ஏழு மீற்றர் நீளமான ஒரு படகில் உதவி தேடிப் புறப்பட்டார்கள். போக வேண்டிய இடம் ஏறக்குறைய 800 தரை மைலுக்கு அப்பால் இருந்த தென் ஜோர்ஜியா என்ற தீவு. வழிகாட்டியவர் பிராங் வேர்ஸ்லி. ஏப்ரல் 24 இலிருந்து மே 10 வரையான அந்தப் பயணத்தில் அவரால் சூரியனை அளக்க முடிந்தது நான்கு தடவை மட்டுமே. மிச்சமெல்லாம் ஓட்டக் கணக்கு.

தீவை நெருங்கும்போது வேர்ஸ்லி சொன்னதுதான் முக்கியம். என் கணக்கில் பத்து மைல் வரை பிழை இருக்கலாம் என்று வாய்திறந்து சொன்னார். தீவைத் தவறவிட்டால் அப்பால் திறந்த சமுத்திரம், அந்தக் காற்றில் திரும்பி வர முடியாது. ஆகவே மனிதர் வாழ்ந்த மறுபக்கத்தை நேராகத் தேடாமல், காற்று வரும் பக்கத்தில் இருந்த ஆளில்லாத கரையைக் குறிவைத்தார்கள். பிழை வந்தாலும் தீவு முன்னே இருக்க வேண்டும் என்பதே எண்ணம். அதனால் இறங்கிய பிறகு மூன்று பேர் பனிமலையைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. ஆனால் 1916 ஓகஸ்ட் 30 அன்று எலிபன்ட் தீவிலிருந்த 22 பேரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள்.

இன்றைய பயன்பாடு

செய்மதி பார்த்து வழிசொல்லும் ஜிபிஎஸ் 1995 இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதோடு ஓட்டக் கணக்கு மறைந்துவிட்டதா? இல்லை. கார் சுரங்கப்பாதைக்குள் போனதும் செய்மதிச் சமிக்ஞை கிடையாது. அப்போதும் திரையில் கார் நகர்கிறதே, சில்லு சுற்றியதையும் திரும்பிய திசையையும் வைத்து வழிகாட்டும் கருவி போடும் ஓட்டக் கணக்கு அது. அண்மை ஆண்டுகளில் பால்டிக் கடலிலும் கருங்கடலிலும் ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பாய்ப்படகு பழகும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை இன்னும் ஏன் படிப்பிக்கிறார்கள் என்று இப்போது விளங்கும்.

எறும்புகூட இந்தக் கணக்குப் போடுகிறது. பாலைவன எறும்பு ஒன்று இரை தேடிச் சுற்றித் திரிந்துவிட்டு நேர் கோட்டில் புற்றுக்குத் திரும்பும். 2006 இல் விஞ்ஞானிகள், இரையைக் கண்டுபிடித்த எறும்புகளின் கால்களில் சிறு குச்சி ஒட்டி நீளமாக்கித் திருப்பி விட்டார்கள். அவை புற்றைத் தாண்டிப் போய்த் தேடின. அடி எண்ணிக்கை சரி, அடியின் நீளம் மாறிவிட்டது!

ஆங்கிலப் பேச்சில் இந்தச் சொல்லைக் குருட்டு ஊகம் என்ற பொருளில் சிலர் பயன்படுத்துவார்கள். மாலுமிகள் அப்படிச் சொல்வதில்லை. ஊகத்துக்கு எழுத்தில் கணக்குக் கிடையாது. ஓட்டக் கணக்குக்கு உண்டு, பிழை வந்தால் எங்கே வந்தது என்று திரும்பிப் பார்க்கவும் முடியும்.

தொண்ணூறாம் ஆண்டு இரவு

எங்கள் ஆட்களுக்கு இது புதிய வித்தை அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. எங்கள் தண்டையல்மார் காற்றையும் நட்சத்திரத்தையும் வைத்து வங்கக் கடலில் ஓடித் திரிந்தவர்கள். ஆனால் நான் கடற்கரை ஊரவன் அல்லன். இந்தக் கணக்கை ஒரே ஒருமுறைதான் நேரில் கண்டேன், அப்போது அது கணக்கு என்று தெரியாது.

1990 ஓகஸ்ட். எனக்குப் பத்தொன்பது வயது. பேசாலைப் பக்கத்திலிருந்து இரவில் மோட்டர் பூட்டிய ஒரு படகில் இருபதுக்கு மேற்பட்டோர் ஏறினோம். விளக்கு இல்லை. பேசக்கூடாது. அந்த இளைய ஓட்டி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "உம்மட்டை மணிக்கூடு இருக்கே?" இருட்டில் முள் ஒளிரும் ஒரு மணிக்கூடு என் கையில் இருந்தது. அரை மணிக்கு ஒருக்கால் நேரம் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். அவர் வடவெள்ளியை வலது தோளுக்கு நேரே வைத்துக்கொண்டு, மோட்டரின் சத்தம் ஏறி இறங்காமல் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்று மணித்தியாலம் கழிந்திருக்கும். மோட்டரை நிறுத்திவிட்டு, ஈயம் கட்டிய ஒரு கயிற்றை இறக்கிப் பார்த்தார். படகில் இருந்த ஒரு அம்மா குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "சோளகம் வடக்காலை தள்ளிப்போட்டுது" என்று தனக்குள் சொல்லிவிட்டு, படகைத் தெற்கே திருப்பினார்.

அந்தக் காலத்தில் கடலின் நடுவே மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, தண்ணீரில்லாமல் வெயிலில் கிடந்த குடும்பங்கள் எத்தனையோ. கவிழ்ந்த படகுகளும் உண்டு. நாங்கள் விடியும் நேரம் தனுஷ்கோடி மணலில் கால் வைத்தோம்.

எனக்கு அன்று கடவுள் காப்பாற்றியது மட்டும்தான் தெரிந்தது. இப்போது பார்க்கிறேன்: என் மணிக்கூடு நேரம், மோட்டரின் சத்தம் வேகம், வடவெள்ளி திசை, ஈயக் கயிறு ஃபிக்ஸ். ஹொண்டா முனையில் 20 நாட் வேகத்தைக் குறைக்க மனம் வராதவர்கள் செய்யாத வேலையை, அந்த ஓட்டி ரோந்துக் கப்பலுக்குப் பயந்துகொண்டு இருட்டிலும் செய்தார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

என் சொந்தக் கணக்கு

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெல்பேணுக்கு வந்து வேலை கிடைத்ததும், யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு மாதாமாதம் காசு அனுப்பினேன். எவ்வளவு தேவை என்று நானே கணக்குப் போட்டேன். நான் புறப்பட்ட ஆண்டின் அரிசி விலை, மண்ணெண்ணெய் விலை, அதன்மேல் ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்டினேன். கடிதங்களில் அம்மா "நாங்கள் சுகம், காசு போதும் ராசா" என்றே எழுதுவார். என் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது.

2002 இல் சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்குப் போனேன். பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அம்மாவைக் கண்டேன். சமையலறைக்குள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, போதாத காசைப் போதுமாக்க அவர் இராச் சாப்பாட்டை விட்டு எத்தனையோ வருடம். கண்ணில் பூ விழுந்ததற்கும் வைத்தியம் பார்க்கவில்லை. தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விற்ற விலை என் காசேட்டில் எங்கும் இருக்கவில்லை. நான் பிழையாகக் கூட்டவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு ஃபிக்ஸும் இல்லாமல் ஓடியிருந்தேன். அவ்வளவுதான்.

எங்களில் பலர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். கடைசியாகக் கண்ட ஊரிலிருந்து, கடைசியாகக் கண்ட உறவிலிருந்து கணக்கைக் கொண்டுபோகிறோம். வேறு வழியில்லாதபோது அது குற்றமல்ல. ஆனால் தொலைபேசி எடுக்கக்கூடிய இந்தக் காலத்திலும், போய்ப் பார்க்கக்கூடிய நேரத்திலும் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் அது வேறு விடயம். பக்கத்து அறையில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய கணக்குக்கும் இதே சட்டம்தான். அவர்கள் பத்து வயதில் நின்ற இடத்தில் இப்போதும் நிற்பதில்லை.

அக்காவுக்கு ஒரு பதில்

அன்று தொலைபேசி எடுத்த அக்கா இதை வாசிப்பார் என்று நம்புகிறேன்.

அக்கா, அது செத்த கணக்கு அல்ல. கரை தெரியாத நேரத்தில் உயிரோடு கரை சேரப் போடும் கணக்கு. நீங்கள் தொண்ணூறாம் ஆண்டு வந்த படகிலும் யாரோ ஒருவர் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார். அதனால்தான் நீங்கள் இன்று இருக்கிறீர்கள், உங்கள் மகனும் இருக்கிறான். எங்களைக் கொண்டுவந்து சேர்த்த வித்தையை, உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், சொல்லிக்கொடுக்க ஆள் வைத்து அவன் படிக்கப் போகிறான். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், கடல் எனக்கும் இரவில் கனவில் வருகிறது. என்றாலும் அவனை மறிக்காதீர்கள். முடிந்தால் முதல் நாள் கரையில் போய் நின்று பாருங்கள். திரும்பி வந்ததும் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாய் எப்ப ஃபிக்ஸ் எடுத்தனீ?"

அந்தக் கேள்வி விளங்கினால் அவன் நல்ல மாலுமியாக வருவான்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.